அண்ணாந்து பார்க்கும் வேலை

உங்களுக்குக் கழுத்து எதற்கு இருக்கிறது? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு பதிலை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். சங்கிலி போடவா? மேல்பொத்தானை மாட்டிக்கொண்டு மிடுக்காகப் படம் எடுக்கவா? இல்லை, தலையைத் திருப்பவும் நிமிர்த்தவுமா? மூன்றாவதுதான் முதலில் தோன்றியது என்றால் உங்களுக்குச் சாதாரண அறிவு இருக்கிறது. அந்தச் சாதாரண அறிவு, நாற்காலியில் உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போடும் மூன்று பேருக்கு வருவதற்கு, ஒரு மனிதர் தன் உடம்பில் பதினான்கு மாதம் செலவழிக்க வேண்டியிருந்தது.

அவரைப் பேருந்துப் பணிமனையில் எல்லோரும் பாதாளம் என்று கூப்பிட்டார்கள். பழுது பார்க்கும் கொட்டகையில் ஆள் உயரத்துக்கு சிமெண்டுப் பள்ளம் ஒன்று வெட்டியிருந்தார்கள். பேருந்து அதன் மேல் வந்து நிற்கும். ஒருவர் உள்ளே இறங்கி நின்று, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் வயிற்றைப் பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடம் அந்த ஒருவர் இவர்தான். நாள் முழுக்க அண்ணாந்தே நிற்பார். மேலிருந்து எண்ணெய் சொட்டும், சேறு உதிரும், சில நேரம் முதல் நாள் பயணி எறிந்த தின்பண்டக் காகிதம்கூட அச்சில் சுற்றிக்கொண்டு வரும். வண்டிக்கு வெளியே எத்தனை வண்ணம் அடித்தாலும் கீழே எல்லா வண்டியும் ஒன்றுதான் என்பது அவருடைய கட்சி. எந்த ஓட்டுநர் எப்படி ஓட்டுகிறார் என்பதை முகத்தைப் பார்க்காமலே சொல்வார். பிரேக் கட்டை தேய்ந்திருக்கும் விதம் போதும்.

"என்ன பாதாளம், கீழ எல்லாரும் சௌக்கியமா?" என்று ஓட்டுநர்கள் குனிந்து கேட்பார்கள்.

"சௌக்கியம். நீ பிரேக்கை இப்படியே மிதிச்சிட்டிருந்தா சீக்கிரம் நீயும் வருவே. எடம் போட்டு வெச்சிருக்கேன்."

ஒரு மதியம், பாதி வழியில் கொதித்துப்போன வண்டி ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து பள்ளத்தின் மேல் நிறுத்தினார்கள். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் கசிவு. குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருந்தது. சின்ன வேலைதான். ஆனால் எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆறட்டும் சார். அரை மணி நேரத்தில இறங்கறேன்" என்றார் பாதாளம்.

ஷிப்ட் மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "அரை மணி நேரத்தில அந்த வண்டி ஊர் தாண்டியிருக்கணும்யா. கிளிப்பை ரெண்டு திருகு திருகிட்டு வா. கைக்குழந்தைக்குச் சோறூட்டற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஆற வெச்சிட்டிருந்தா டிப்போ நடத்த முடியுமா?"

பாதாளம் இறங்கினார். ஸ்பேனரை வைத்து முதல் திருகு திருகும்போதே குழாய் கழன்றது. கொதிநீர் மேலிருந்து விழுந்தது. மற்ற யாராவது என்றால் தலையிலோ தோளிலோ விழுந்திருக்கும். இவர் அண்ணாந்து நின்றார். கன்னம், தாடை, தாடைக்கு அடிப்பக்கம், தொண்டை, காரை எலும்பு வரைக்கும் நேராக வாங்கிக்கொண்டார். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அவரை மேலே தூக்கிக் கிடத்தியதும் யாரோ ஒருவர் கிரீஸ் டப்பாவோடு ஓடி வந்தார், பூசுவதற்கு. பணிமனை எலக்ட்ரீஷியன் அந்த டப்பாவைக் காலால் எட்டி உதைத்துவிட்டு, வண்டி கழுவும் குழாயை மெதுவாகத் திறந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மேல் பச்சைத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். அன்று அந்த இடத்தில் மூளையோடு இருந்தது அவர் ஒருவர்தான்.

விசாரணை அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். கொதிக்கிற வண்டிக்கு அடியில் ஆளை அனுப்பினால் அதற்குப் பெயர் நிர்வாகம். போனவனுடைய முகம் வெந்தால் அதற்குப் பெயர் கவனக்குறைவு.

இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். புண் ஆறியது. அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் மாத்திரைகளின் பெயரும், 'போதிய ஓய்வு எடுக்கவும்' என்ற ஒரு வரியும் இருந்தன.

அவர் மனைவி ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கிற வேலை செய்கிறவர். ஒரு காகிதத்தை ஒரு முறை பார்த்தால் அது எங்கே மடிய வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். ஓய்வு என்று எழுதியிருந்ததை அவர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். புதுப் பஞ்சு போட்டு இரண்டு தலையணை வாங்கினார். கட்டிலின் தலைமாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கணவருடைய தலையைப் பூப்போலத் தூக்கிச் சாய்த்து வைத்தார். தலை உயர்ந்திருந்தால் கழுத்தின் தோல் இழுக்கவில்லை. வலி குறைந்தது. பாதாளம் தூங்கினார். மனைவிக்கு நிம்மதி.

வீட்டுக்கு வந்த நாலாவது மாதம் ஒரு நாள் மனைவி டீத் தம்ளரை எடுக்க வந்தார். அடியில் கால் பங்கு மிச்சம் இருந்தது.

"என்னங்க, ஒரு வாரமாப் பாக்கறேன். எதுக்கு மிச்சம் வைக்கிறீங்க? பிடிக்கலையா?"

"பிடிக்காம இல்ல. வரமாட்டேங்குது."

"எது?"

அவர் தம்ளரை வாயில் வைத்துச் சாய்த்துக் காட்டினார். கடைசி வாய் டீ இறங்க வேண்டும் என்றால் தலை பின்னால் போக வேண்டும். தலை போகவில்லை. தாடைக்கும் மார்புக்கும் நடுவே கயிறு கட்டி இழுத்தது போலத் தோல் தடித்து, விறைத்து நின்றது. கீழ் உதடு அந்தக் கயிற்றோடு சேர்ந்து இறங்கி, வாய் முழுசாக மூடாமல் இருந்தது. முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்த வீட்டில், கழுத்தை யாருமே பார்க்கவில்லை.

வந்து பார்த்தவர்கள் மட்டும் என்ன? மூன்றாம் வீட்டு அம்மாள் வந்தார். வாசலிலேயே நின்று, முகத்தைப் பார்த்தும் பார்க்காமலும், "எல்லாம் தலையெழுத்து தம்பி. போன பிறவியில யாருக்கு என்ன செஞ்சமோ" என்றார்.

"தலையெழுத்து இல்லக்கா" என்றார் பாதாளம். "ஹோஸ் கிளிப்."

மனைவியின் அண்ணன் வந்தார். கையில் பளபளவென்று ஒரு டப்பா. "மாப்ள, ஏழே நாள்ல தழும்பு இருந்த எடம் தெரியாதாம். இங்க பாருங்க, போட்ட ஆளோட படமே இருக்கு."

பாதாளம் டப்பாவை வாங்கிக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "மச்சான், இவனுக்குத் தழும்பே வந்ததில்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"முதல் படத்தில இருக்கிற காது வேற, ரெண்டாவது படத்தில இருக்கிற காது வேற. அவன் ஒரு களிம்புல காதையே மாத்தியிருக்கான். பெரிய வைத்தியன்தான்."

மச்சான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் நல்லவர். நல்லவர்களை நம்பித்தான் அந்த டப்பாக்காரன் பிழைக்கிறான்.

மருத்துவமனையில் தழும்புப் பிரிவு என்று ஓர் அறை இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மாடிப்படிக்கு அடியில், ஒரு மேசையும் ஒரு பெஞ்சும் இருக்கிற அறை. பிசியோ பார்க்கிற பெண் ஒருவர் இருந்தார். குரலில் சர்க்கரை போடாமல் பேசுகிற ஆள். பாதாளத்தின் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"ராத்திரி எப்படிப் படுக்கிறீங்க?"

"மல்லாந்து."

"தலைக்கு?"

மனைவி முந்திக்கொண்டார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ரெண்டு தலையணை வெச்சிருக்கேன் டாக்டர். புதுப் பஞ்சு. நாலு மாசமா நானே எழுந்து எழுந்து சரி பண்ணி வைக்கிறேன்."

பிசியோ பேனாவைக் கீழே வைத்தார். "நான் டாக்டர் இல்லக்கா. அந்த ரெண்டையும் இன்னைக்கே எடுத்துருங்க."

"ஏங்க?"

"வெந்த எடம் ஆறும்போது சுருங்கும். எந்த நிலையில வலி இல்லாம வெச்சிருக்கமோ அந்த நிலையிலயே இறுகிப் போகும். கழுத்து வெந்தவங்களுக்குத் தலையணையே கூடாது. தோளுக்கு அடியில துண்டைச் சுருட்டி வைக்கணும், தலை பின்னால சரியணும். அதோட கழுத்துப் பட்டை போடணும், தினம் நீட்டி நீட்டிப் பயிற்சி செய்யணும். வலிக்கும். வலிக்குதேன்னு விட்டா இப்படித்தான் ஆகும்."

"இதை ஏன் எங்ககிட்ட யாரும் சொல்லல?"

"டிஸ்சார்ஜ் காகிதத்தில எழுதலையா?"

"ஓய்வுன்னு எழுதியிருந்துச்சு."

பிசியோ கீழே வைத்த பேனாவை எடுத்து மூடினார். பிறகு, "அஞ்சு ஆஸ்பத்திரிக்கு நான் ஒருத்தி. இந்த ரூமுக்கு வாரத்தில ஒரு நாள்தான் வருவேன், வார்டுக்குப் போக நேரம் இல்ல. யாராவது அனுப்பி வெச்சாத்தான் பாப்பேன். உங்களை யாரும் அனுப்பல" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. அவருக்கும் கோபம்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி இரண்டு தலையணையையும் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நாலு மாசமா நானே உங்களை மடிச்சிருக்கேன். தாளை மடிச்சு நகத்தால அழுத்தற மாதிரி அழுத்தி அழுத்தி மடிச்சிருக்கேன்."

"நீ மடிக்கல" என்றார் பாதாளம். "ஒரு வரி எழுதச் சோம்பல் பட்டவன் மடிச்சான். உன் கையை வெச்சு மடிச்சான்."

அந்த ஒரு வரி எழுத எவ்வளவு மை ஆகும்? கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைக்காதீர்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி ஏதும் இனிமேல் நடக்க வேண்டியதில்லை. படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை ஒரு தாள் மடிக்கிற பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியாது.

அன்றிலிருந்து வேறு வாழ்க்கை தொடங்கியது. முகத்தை அளவெடுத்துத் தைத்த இறுக்கமான எலாஸ்டிக் முகமூடி. கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் துளை. குளிக்கவும் சாப்பிடவும் களிம்பு தடவவும் கழற்றலாம், மற்ற நேரம் எல்லாம் போட்டே இருக்க வேண்டும். தழும்பு தடித்து மேலெழாமல் அது அழுத்திப் பிடிக்கும். அதற்கு அடியில் கன்னத்தில் சிலிகோன் பட்டை. ஒரு நாளைக்கு நாலு தடவை, வாசனையில்லாத சாதாரண களிம்பைத் தடவி மனைவி கட்டைவிரலால் வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்ப்பார். வெயிலில் போகக் கூடாது. அரிக்கும், சொறியக் கூடாது. முகமூடியோடு மாடியில் நின்றவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குழந்தை, "மாமா, நீங்க திருடனா?" என்று கேட்டது. "இல்லம்மா, திருடங்க எல்லாம் முகத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு ஆபீஸ்ல இருக்காங்க" என்றார் பாதாளம்.

மூன்று மாதத்தில் கன்னம் மெத்தென்று ஆனது. சிவப்பு வெளுத்தது. கழுத்துக் கயிறு மட்டும் அசையவில்லை. அது முற்றி இறுகிவிட்டது. அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, அந்தத் தோல் கயிற்றை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து அந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்றார். தள்ளிப்போடப் போட உள்ளே இருக்கும் தசையும் குறுகும் என்றார். அறுவை நடக்க வேண்டும் என்றால் பேருந்து நிர்வாகத்தின் மருத்துவக் குழு செலவுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். கொடுத்தால் கழுத்து நிமிரும், பள்ளத்துக்குத் திரும்பலாம். கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம்.

விண்ணப்பத்தோடு ஒரு புகைப்படம் வைக்க வேண்டும். 'தோள் வரை, முகம் நேராகத் தெரியும்படி' என்று படிவத்திலேயே அச்சடித்திருந்தது. நிர்வாக அலுவலகத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர்தான் எடுத்தார்.

"அண்ணே, கேமராவைப் பாருங்க."

"இதுக்கு மேல தலை தூக்க வராதுங்க."

"முகம் தெரியலைன்னா படத்தைத் திருப்பி அனுப்பிருவாங்கண்ணே. உடம்பைப் பின்னால சாய்ங்க. இன்னும் கொஞ்சம். காலை நீட்டிக்குங்க. ஆங், இப்ப முகம் நேரா வருது. அப்படியே இருங்க."

பாதாளம் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்துக்கொண்டு, விழாமல், மூச்சை அடக்கி அப்படியே இருந்தார். பிறருக்கு வேலை வைக்கக் கூடாது என்பது அவர் வளர்ந்த விதம். படம் நன்றாக வந்தது. படக்காரர் தோளுக்குக் கீழே இருந்ததை எல்லாம் வெட்டிவிட்டு ஒட்டினார்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. மனைவிதான் வாசித்தார். "முகம் மற்றும் கழுத்துப் பகுதித் தழும்புகளுக்கான சிகிச்சை, மருத்துவ விதிமுறைகளின்படி அழகு சார்ந்தது என வகைப்படுத்தப்பட்டுள்ளதால், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

"இன்னொரு தடவை படி."

படித்தார். மூன்றாவது தடவை படிக்கும்போது மனைவியின் குரல் நடுங்கியது. அழுகையால் இல்லை. "கையில தழும்பு இருந்தா வைத்தியமாம். காலில இருந்தா வைத்தியமாம். முகத்தில கழுத்தில இருந்தா மட்டும் அழகாம். இதை எழுதினவன் கழுத்தில்லாமப் பொறந்தானா?"

பணிமனையில் மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வந்தது. "ஆம்பளைக்கு எதுக்குய்யா அழகு? இன்னொரு கல்யாணமா பண்ணிக்கப் போறே? பின்பக்க ஸ்டோர் ரூம்ல உட்காரு. அங்க பயணிங்க யாரும் வரமாட்டாங்க, உன்னைப் பாத்துப் பயப்பட."

"சார், நான் முகத்தைக் கேக்கல. கழுத்தைக் கேக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா, பக்கத்துப் பக்கத்துல."

எலக்ட்ரீஷியன் மட்டும் சிரிக்கவில்லை. மேல்முறையீடு என்று ஒன்று உண்டு, நேரில் வரவேண்டும் என்று எழுதிக் கேட்டால் மறுக்க முடியாது என்று எங்கேயோ விசாரித்து வந்து சொன்னார். எழுதினார்கள். மருத்துவக் குழுவுக்கு முன்னால் ஒரு தொழிலாளி நேரில் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை என்று வாசலில் இருந்த பணியாளர் சொன்னார். இத்தனை வருடமும் அந்தக் குழு மனிதர்களைப் பார்த்ததில்லை. படங்களைத்தான் பார்த்தது.

மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பாதாளம் உள்ளே போனார். முதலில் தெரிந்தவை மூன்று ஜோடிக் காலணிகள். கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தபோது ஒரு தலைவர், ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர், விதிப்புத்தகத்தோடு ஒரு அதிகாரி.

"உங்க கஷ்டம் புரியுது" என்று தலைவர் ஆரம்பித்தார். புரியாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. தழும்பு முகத்தில இருக்கு. வேலைக்கு இடைஞ்சல் இல்ல."

"என் வேலையே அண்ணாந்து பாக்கறதுதான் சார். என்னால அண்ணாந்து பாக்க முடியல."

மருத்துவர் கோப்பைப் புரட்டினார். "படத்தில நேராத்தானே உட்கார்ந்திருக்கீங்க?"

"அந்தப் படத்தைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க சார்."

மேசை மேல் படம் நகர்ந்து வந்தது. பாதாளம் பார்த்தார். படத்தில் இருந்தவருக்கு முகத்தில் தழும்பு இருந்தது, அவ்வளவுதான். தலை நிமிர்ந்திருந்தது. பார்வை நேராக இருந்தது. குறை ஒன்றும் இல்லாத மனிதர். பத்தொன்பது வருடமாக, கோளாறு எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பது அவர் தொழில். தன் கோளாற்றைத் தானே மறைத்துக்கொடுத்திருக்கிறார், மரியாதைக்குக் கட்டுப்பட்டு, நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

அவர் யாரையும் கேட்காமல் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களை உட்காரச் சொல்லலையே" என்றார் அதிகாரி.

"படம் எடுத்தவர் சொன்னார் சார். பாருங்க." கால்களை நீட்டினார். உடம்பைப் பின்னால் சாய்த்தார். நாற்காலியின் முன்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. முகம் இப்போது மூன்று பேருக்கும் நேராக வந்தது, படத்தில் இருந்த மாதிரியே. "இதுதான் உங்ககிட்ட இருக்கிற படம். இப்ப நான் நேரா உட்காரறேன்." உடம்பை நிமிர்த்தினார். முகம் கீழே போய்விட்டது. மூன்று பேருக்கும் அவருடைய உச்சந்தலை தெரிந்தது. "இதுதான் நான்."

அவர் மேசையைப் பார்த்தபடியே பேசினார். வேறு எங்கே பார்ப்பது? "சக்கரம் கழண்ட வண்டியை ஒரு பக்கம் ஜாக்கி வெச்சுத் தூக்கி, ஜன்னலை மட்டும் படம் எடுத்து, வண்டி சமமாத்தான் நிக்குதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எங்க டிப்போவில இப்படி ஒருத்தன் கையெழுத்துப் போட்டா அவனை வண்டிக்கு அடியில படுக்க வெச்சிட்டு ஜாக்கியை எடுப்போம்."

"வார்த்தையைப் பாத்துப் பேசுங்க" என்றார் அதிகாரி.

மருத்துவர் எழுந்து வந்தார். குனிந்து, தாடைக்கு அடியில் கை வைத்தார். கயிறு போல நின்ற தோலைத் தொட்டார். நெற்றியில் கை கொடுத்து மெதுவாகத் தலையை உயர்த்தப் பார்த்தார். கீழ் உதடு இழுபட்டுப் பல் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டார். "நான் இதைப் பாக்கல" என்றார், தாழ்ந்த குரலில். "இது அழகு சமாச்சாரம் இல்ல."

வயதான அந்த மனிதருக்கு வெட்கம் இருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் விதிப்புத்தகம் இருந்தது. கொஞ்ச நேரம் தங்களுக்குள் கிசுகிசுத்துவிட்டு ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவரச் சொன்னார்கள். அதில் இரண்டு பத்தி. முதல் பத்தி, கருணை அடிப்படையில் இந்த ஒருவருக்கு மட்டும் அறுவைக்கும் அதன் பிறகான சிகிச்சைக்கும் அனுமதி. இரண்டாவது பத்தி, மேற்படி நபர் இந்த விதியை எதிர்த்து இனி எந்த மனுவும் கொடுக்க மாட்டார், வேறு யாருக்காகவும் எழுதவும் மாட்டார்.

"கருணைன்னு ஏன் சார் போட்டிருக்கு? நான் பிச்சை கேக்க வரல. உங்க தப்பைக் காட்ட வந்தேன்."

"கையெழுத்துப் போட்டா அடுத்த மாசம் ஆபரேஷன்" என்றார் தலைவர். "போடலைன்னா மேலிடத்துக்கு அனுப்புவோம். எத்தனை மாசம் ஆகும்னு எனக்குத் தெரியாது."

பாதாளம் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மனைவி வாசித்தார். இரண்டாவது பத்தியில் அவர் விரல் நின்றது.

"போட மாட்டேன்" என்றார் பாதாளம். "எனக்குப் பின்னால வர்றவன் வாயையும் சேத்து அடைக்கறாங்க."

"தெரியுது."

"தெரிஞ்சா பேசாம இருக்கியே."

"ஆபரேஷன் பண்ற டாக்டர் என்ன சொன்னாரு? தள்ளிப்போட்டா தசையும் குறுகிரும்னு சொன்னாரா இல்லையா?" மனைவி எழுந்து நிற்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே கணவருடைய முகத்தைப் பார்த்தார். அவருக்கு முன்னால் நிற்கிறவரின் முகம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். "போடுங்க. எனக்கும் வயிறு எரியுது. ஆனா இந்தக் கழுத்தை வெச்சுக்கிட்டு எவன்கிட்டப் போய்ச் சண்டை போட்டாலும் அவனுக்கு உங்க மண்டைதான் தெரியும். நான் நாலு மாசம் மடிச்சதைப் பிரிக்கணும். எனக்கு அதுதான் முதல்ல."

அவர் போட்டார். தாள் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்திப் போட்டார்.

அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது. தொடையில் தோல் எடுத்த இடம் கழுத்தை விட அதிகமாக எரிந்தது. பிறகு விறைப்பான கழுத்துப் பட்டை, மாதக்கணக்கில். புதுத்தோலும் சுருங்கப் பார்க்கும், பட்டையைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் என்று பிசியோ மிரட்டி வைத்திருந்தார். காலையில் கட்டிலின் ஓரத்தில் மல்லாந்து படுத்துத் தலையைப் பின்னால் தொங்கவிடுவார். மனைவி வேலைக்குப் புறப்படும் முன் நெற்றியில் கை வைத்து மெல்ல அழுத்துவார். "போதும்டி" என்று கத்துவார். "பிசியோ இன்னும் பத்து எண்ணச் சொல்லியிருக்காங்க" என்று எண்ணுவார் மனைவி. ஏழு எட்டு வந்ததும், எண்ணிக்கை மறந்ததுபோல மறுபடி ஐந்திலிருந்து ஆரம்பிப்பார்.

இப்போது பாதாளம் பள்ளத்தில்தான் நிற்கிறார். பழைய மாதிரி நாள் முழுக்க முடியாது. முக்கால் மணி நேரம் பார்ப்பார், மேலே வந்து உட்கார்வார், பட்டையை மாட்டிக்கொள்வார், மறுபடி இறங்குவார். முகத்தில் தழும்பு இருக்கிறது. இருக்கும். அது அவருக்கு ஒரு பொருட்டு இல்லை. கொதித்துப்போய் வருகிற வண்டிக்கு அடியில் யார் சொன்னாலும் இறங்குவதில்லை. மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் காட்டினால், "அந்தக் கடிகாரத்தைக் கழட்டி வெச்சிட்டு நீங்க இறங்குங்க சார், கிளிப்பை நான் மேலயிருந்து சொல்லித் தர்றேன்" என்கிறார்.

கதை இதோடு முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். போன மாதம் இன்னொரு பணிமனையின் உணவுக்கூடத்தில் சமைக்கிற பெண் ஒருவர் அவரைத் தேடி வந்தார். கொதி எண்ணெய் கன்னத்திலும் கழுத்திலும் கொட்டியிருக்கிறது. தாடை மார்பை நோக்கி இறங்கத் தொடங்கியிருக்கிறது. கையில் ஒரு கடிதம். 'அழகு சார்ந்தது என வகைப்படுத்தப்பட்டுள்ளதால்.' ஒரு எழுத்து மாறவில்லை.

"அண்ணே, நீங்க ஜெயிச்சீங்கன்னு சொன்னாங்க. எனக்கும் ஒரு மனு எழுதிக் குடுங்க."

பாதாளம் அந்தக் கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கினால் எழுதத் தோன்றும். எழுதினால், போட்ட கையெழுத்தைக் காட்டி, கழுத்துக்கு மிச்சமிருக்கும் சிகிச்சையை நிறுத்துவார்கள். தலையணை வைக்காதே, தோளுக்கு அடியில் துண்டு வை என்று மட்டும் அந்தப் பெண்ணுக்குச் செய்து காட்டினார். எலக்ட்ரீஷியனிடம் அனுப்பி வைத்தார். அந்தப் பெண் போன பிறகு பள்ளத்துக்குள் இறங்கி, வண்டியே இல்லாத பள்ளத்தில், வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

அவரால் எழுத முடியாது. எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நீங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு வேலைக்குப் போனதும் உங்கள் நிறுவனத்தின் மருத்துவ விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். முகம், கழுத்து என்ற சொற்கள் வருகிற பக்கத்தைத் தேடிப் படியுங்கள். வெந்த தோலுக்குச் செய்கிற வைத்தியத்தை அழகு என்று அங்கே எழுதியிருந்தால், அந்த வரியை நீக்கச் சொல்லி, மனிதரை நேரில் பார்க்காமல் படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று சேர்க்கச் சொல்லி, உங்கள் பெயரைப் போட்டு ஒரு மனு கொடுங்கள். பக்கத்தில் வேலை செய்கிறவரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.